சூறைக்குருவி வராத வருஷத்தையும் எழுதுங்கள்: கொங்கு நாட்டில் பனிக்காலக் கணக்கெடுப்பைத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் அப்பாருக்குச் சோளக்காட்டில் ஒரு பரண் இருந்தது. தை மாதம் கதிர் முற்றும் நேரத்தில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னை அதில் ஏற்றிவிட்டு ஒரு தகரத்தையும் குச்சியையும் கையில் கொடுப்பார். சூறைக்குருவிக் கூட்டம் இறங்கினால் தட்ட வேண்டும். சில வருஷம் கை வலிக்கத் தட்டியிருக்கிறேன். சில வருஷம் நாலு கிளியை விரட்டியதோடு வேலை முடிந்துவிடும்.

பெரியவனான பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன், எந்த வருஷம் குருவி ரொம்ப அதிகமாக வந்தது என்று. "உங்கத்தை கண்ணாலத்து வருசம் சாமி. காடே கறுத்துப் போச்சு" என்றார். சரி, வராத வருஷங்கள் எவை? "அத யாரு கண்ணு குறிச்சு வெச்சா?"

அந்தக் குறிப்பை எழுத உங்களைக் கூப்பிடத்தான் இந்தக் கட்டுரை. பறவை பார்ப்பதில் நேற்றுத்தான் ஆர்வம் வந்தது என்றாலும் பரவாயில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, வாரத்தில் ஒரு சாயங்காலம் இருந்தால் போதும். பைனாகுலர் இருந்தால் நல்லது. 8×42 என்று போட்டிருப்பது இந்த வேலைக்குச் சரியான அளவு. இல்லாவிட்டாலும் பெரிய கூட்டத்தை வெறும் கண்ணாலேயே எண்ணலாம்.

முதலில் குருவியை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

சூறைக்குருவி மைனா இனத்தைச் சேர்ந்தது. மைனா அளவுதான் இருக்கும். சோளக்குருவி, சோளப்பட்சி என்ற பெயர்களும் உண்டு. வளர்ந்த பறவைக்குத் தலை, கழுத்து, இறக்கை, வால் எல்லாம் கறுப்பு. முதுகும் வயிறும் வெளிர் ரோஜா நிறம். பின்தலையில் தொங்கும் கொண்டை. ஆனால் நம் ஊருக்கு வரும்போது அந்த ரோஜா நிறம் பளிச்சென்று இருக்காது. புது இறகுகளின் நுனி மங்கலாக இருப்பதால் பறவையே அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். பனிக்காலம் போகப் போக அந்த நுனிகள் தேய்ந்து உதிர்ந்து, பங்குனி வாக்கில் உள்ளே இருக்கும் நிறம் வெளியே வந்துவிடும். ஒரே மரத்தைக் கார்த்திகையிலும் பங்குனியிலும் பார்த்தால் வேறு பறவை வந்துவிட்டதோ என்று தோன்றும்.

குஞ்சு வயதுப் பறவைக்கு மணல் நிறம், அலகு மஞ்சள். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத்தான் தவறவிடுவார்கள். நாட்டு மைனா பறக்கும்போது இறக்கையில் வெள்ளைப் பட்டை பளீரென்று தெரியும், சூறைக்குருவிக்கு அது கிடையாது. கருந்தலை மைனாவுக்கும் கறுப்புக் கொண்டை உண்டு, ஆனால் அதன் உடம்பு இளம் செம்மஞ்சளாகவும் இறக்கை சாம்பலாகவும் இருக்கும். அது கூட்டமாய் வானத்தை மறைப்பதும் இல்லை.

இது முட்டையிடுவது நடு ஆசியாவின் புல்வெளிகளில். கசகஸ்தான், சீனாவின் சிஞ்சியாங் பக்கம், மேற்கே தென்கிழக்கு ஐரோப்பா வரை. கற்குவியல்களின் இடுக்கில், வெட்டுக்கிளி எங்கே பெருகியிருக்கிறதோ அங்கே, ஆயிரக்கணக்கில் சேர்ந்து கூடு வைக்கும். நம் காட்டில் தகரம் தட்டி விரட்டுகிற இதே குருவிக்கு சிஞ்சியாங்கில் மனிதர்களே கல் அடுக்கிக் கூடு கட்ட இடம் செய்து கொடுக்கிறார்கள், வெட்டுக்கிளியைத் தின்று தீர்க்கும் என்பதால். நம் பக்கத்திலும் கதிர் இல்லாத நாட்களில் புழுவையும் தத்துக்கிளியையும்தான் தேடித் தின்னும். சோளத்தை விட்டால் ஆலம்பழம், அரசம்பழம். தையிலும் மாசியிலும் இலவமரமோ கல்யாண முருங்கையோ பூத்திருந்தால் தேன் குடிக்க வரும். மகரந்தம் ஒட்டி நெற்றி நிறம் மாறிய பறவையை நீங்கள் பார்க்கலாம். பூ மரத்தடியில் நின்று பார்க்கும் அரை மணி நேரத்துக்கு ஈடான அறிமுகம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஏன் ஒரு வருஷம் வந்து, ஒரு வருஷம் வருவதில்லை?

எல்லா வலசைப் பறவையும் இப்படி இல்லை. சாம்பல் வாலாட்டி செப்டம்பர் மாதமே நம் மலைகளுக்கு வந்துவிடும். ஆறுமணிக்குருவி அக்டோபரில் வந்து, களைத்துப்போய் யாராவது வீட்டு வாசலில் விழுந்து கிடக்கும். இவை நாள்காட்டி பார்த்து வருகிறவை. சூறைக்குருவி இரையைப் பார்த்து வரும், இரையைப் பார்த்து நகரும். அது எந்த ஊரில் எத்தனை நாள் தங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இப்படி ஒரு பக்கமாகத் திடீரென்று திரளுவது இங்கே மட்டும் நடப்பதும் இல்லை. 2018லும் 2020லும் வழக்கமாக எட்டிப் பார்க்காத மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு இதே சூறைக்குருவி கூட்டங்கூட்டமாகப் போனது.

"அங்கே இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி, அதான் இவ்வளவு வந்திருக்கு" என்று ஊரில் சொல்வார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் சூறைக்குருவி ஆடி மாதமே, நடுக்கோடையில், குஜராத் பக்கம் வந்து சேரத் தொடங்கிவிடுகிறது. அது கிளம்பி வரும் நடு ஆசியாவில் அப்போது குளிரே கிடையாது. குஞ்சு பொரித்த வேலை முடிந்ததும் கிளம்பிவிடுகிறது.

காரணத்தை அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது என்பதற்கு எனக்குப் பிடித்த பாடம் பனி ஆந்தை. வட துருவத்தை ஒட்டிய மரமில்லாத சமவெளியில் வாழும் வெள்ளை ஆந்தை அது. லெம்மிங் என்ற எலிதான் அதற்குச் சாப்பாடு. எலி பெருகிய வருஷம் பதினொரு முட்டை வரைகூட இடும். எலி இல்லாத வருஷம் முட்டையே இடாமல் இருந்துவிடும். சில பனிக்காலங்களில் அவை தெற்கே ஒன்றிரண்டாக வரும், சில பனிக்காலங்களில் பெருங்கூட்டமாக வந்து இறங்கும். 2013-14 பனிக்காலத்தில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்படி இறங்கின. ஒன்றிரண்டு புளோரிடாவரைக்கும், கடல் நடுவில் இருக்கும் பெர்முடா தீவுவரைக்கும் போய்விட்டன.

பசியால் ஓடிவந்தவை என்றுதான் வெகுகாலம் சொல்லப்பட்டு வந்தது. அந்தப் பனிக்காலத்தில் ஆந்தைகளைப் பிடித்து எடை போட்டு, முதுகில் சின்னக் கருவி பொருத்தி விட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவை அந்த வருஷத்துக் குஞ்சுகள், நல்ல கொழுகொழுவென்று இருந்தன. 2013 கோடையில் கியூபெக்கின் வடகோடியில் லெம்மிங் ஏராளமாகப் பெருகி, கூட்டுக்குக் கூடு குஞ்சுகள் பிழைத்து வளர்ந்ததால்தான் அத்தனை கூட்டம். இன்னொரு பக்கம், வேறோர் ஆய்வில் வடக்கிலேயே கருவி பொருத்திய சில பெட்டை ஆந்தைகள் தெற்கே வரவே இல்லை. இருட்டிலேயே, உறைந்த கடலின் மேல், பனிக்கட்டி விலகிய தண்ணீரில் கடல் வாத்துகளைப் பிடித்துத் தின்றுகொண்டு பனிக்காலத்தைக் கழித்திருக்கின்றன. ஒரு வருஷம் கூடு வைத்த இடத்துக்கும் அடுத்த கூட்டுக்கும் சராசரியாக 700 கிலோமீட்டருக்கு மேல் தூரம்.

ஊருக்குள் வந்த ஆந்தையை மட்டும் பார்த்தவர்களுக்கு இதில் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. நம் சூறைக்குருவிக்கும் அதுதான் நிலைமை. இங்கே வரவில்லை என்றால் அது எங்கேயோ இருக்கிறது. அது எங்கே என்று யாராவது ஒருநாள் கண்டுபிடிக்க வேண்டுமானால், இங்கே இல்லை என்பதை இங்கே இருப்பவர் எழுதி வைத்திருக்க வேண்டும்.

இடம் பிடிப்பது

மூன்று இடம் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் வேண்டாம், தொடர்ந்து போக முடியாது.

ஒன்று, சோளம் விதைத்த மானாவாரிக் காடு. இப்போது சோளமே குறைந்து பாதி இடத்தில் மக்காச்சோளமும் தென்னையும்தான் நிற்கின்றன. மாட்டுத் தட்டுக்காக விதைத்தவர்களும் பூக்கும் பருவத்திலேயே அறுத்துவிடுவார்கள். கதிர் முற்ற விடுகிற காடு எது என்று ஊரில் விசாரித்து வையுங்கள்.

இரண்டாவது, கொறங்காடு. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், மேய்வதற்குக் காங்கயம் மாடும் செம்மறியும். வெட்டுக்கிளியும் தத்துக்கிளியும் நிறைந்த இடம். சூறைக்குருவி பகலில் தரையில் நடந்து மேய்வதை இங்கே பார்க்கலாம். பின்னால் இருப்பவை முன்னால் இருப்பவற்றைத் தாண்டிப் பறந்து இறங்க, கூட்டமே ஒரு பாய் சுருண்டு உருள்வதுபோல் நகரும்.

மூன்றாவது, இரவு அடையும் இடம். சீமைக்கருவேலமோ சம்போ அடர்ந்த குளம், ஏரி. இதுதான் எண்ணுவதற்கு முக்கியமான இடம், ஏனென்றால் பகலில் பத்து ஊருக்குச் சிதறியவை சாயங்காலம் ஒரே இடத்துக்கு வரும். எங்கே என்று தெரியாவிட்டால், மாலை ஐந்து மணிக்கு மேல் கரண்ட் கம்பியிலும் டவர் லைனிலும் உட்கார்ந்திருக்கும் கூட்டம் எந்தத் திசையில் கிளம்புகிறது என்று பார்த்து, அடுத்த நாள் அந்தத் திசையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய் நில்லுங்கள். மூன்று நான்கு நாளில் பிடித்துவிடலாம். திருப்பூர்க்காரர்கள் நஞ்சராயன் குளத்தில் தொடங்கலாம், கோவைக்காரர்களுக்குச் சூலூர், சிங்காநல்லூர் குளங்கள் இருக்கின்றன. நஞ்சராயன் குளம் 2022 முதல் பறவைகள் சரணாலயம், அதனால் வனத்துறையின் விதிப்படி நடந்துகொள்ளுங்கள்.

தனியார் காட்டுக்குள் போகிறீர்கள் என்றால் கேட்டுவிட்டுப் போங்கள். "ஏனுங்கண்ணா, குருவி எண்ண வந்தனுங்க, வரப்போரமா நின்னுக்கறனுங்க" என்றால் யாரும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. "பாத்துப் போங்க தம்பி, கெணறு கெடக்குது" என்பார்கள். அதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் பக்கத்து மொட்டைக்கிணறுகள் எண்பது, நூறு அடி ஆழம் போகும், விளிம்பில் சுவர் இருக்காது. வானத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகரும் வேலை இது. நிற்கும் இடத்தை வெளிச்சத்திலேயே பார்த்து முடிவு செய்து, இருட்டிய பிறகு டார்ச் அடித்து வந்த வழியே திரும்புங்கள். புல்லுக்குள் கண்ணாடி விரியன் இருக்கும், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், கொறங்காட்டுப் படலைத் திறந்தால் மூட வேண்டும். திறந்து கிடந்த படல் வழியே மாடு வெளியேறிப் பக்கத்து வெள்ளாமையில் இறங்கினால், அடுத்த வருஷம் உங்களை அந்தக் காட்டுக்குள் விடமாட்டார்கள். அப்படி விடாமல் போவது நியாயமும்தான்.

எண்ணுவது

வீட்டில் ஒரு பயிற்சி. முறத்தில் ஒரு பிடி சோளத்தைக் கொட்டிப் பரப்பி, மூன்று விநாடி பார்த்துவிட்டு எத்தனை என்று சொல்லுங்கள். பிறகு எண்ணிப் பாருங்கள். எல்லாரும் குறைத்துத்தான் சொல்வோம், பல நேரம் பாதிதான் சொல்லியிருப்போம். ஒரு வாரம் தினமும் செய்தால் பத்து என்பது எவ்வளவு இடம் பிடிக்கும், நூறு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

குளக்கரையில் கூட்டம் சுழலும்போது எண்ண முயலாதீர்கள். கரும்புகைபோல் விரிந்து, சுருங்கி, பைரியோ சேற்றுப் பூனைப்பருந்தோ உள்ளே பாய்ந்தால் இறுகிப் பந்தாகிவிடும். அதை ரசிக்கத்தான் முடியும், ரசியுங்கள். எண்ண வேண்டியது அதற்கு முன்னால், அவை வந்துகொண்டிருக்கும்போது. ஒரு தென்னை மரத்தையும் ஒரு டவரையும் குறியாக வைத்து, இரண்டுக்கும் நடுவே பத்து விநாடியில் எத்தனை போகிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு நிமிஷமும் ஒருமுறை இப்படி எண்ணிச் சராசரி எடுங்கள். பத்து விநாடிக்குச் சராசரி 40, வரிசை 6 நிமிஷம் ஓடியது என்றால் 40 × 36, அதாவது 1440. நோட்டில் "சுமார் 1400" என்று எழுதினால் போதும். "ஆயிரக்கணக்கில்" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கணக்குப் போட முடியாது.

மார்கழியில் ஐந்து மணிக்கே போய் நின்றுவிடுங்கள், ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாயும். மாசியில் அரை மணி தாமதமாகப் போகலாம். கைதட்டிக் கூட்டத்தைக் கிளப்பி வீடியோ எடுக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. மனம் நொந்து சொல்கிறேன், செய்யாதீர்கள். நாள் முழுக்க மேய்ந்து சேர்த்த தெம்பை அடையும் நேரத்தில் வீணாக்க வைப்பது அது.

ஐப்பசி, கார்த்திகையில் கூட்டம் வந்தால் இன்னொன்றும் எண்ணுங்கள். நூறு பறவையில் மணல் நிறக் குஞ்சு எத்தனை? பனி ஆந்தை விஷயத்தில் உண்மையைக் காட்டிக்கொடுத்தது குஞ்சுகளின் கணக்குத்தான். கசகஸ்தானில் அந்தக் கோடை எப்படிப் போனது என்பதற்கு உங்கள் ஊர் மரத்திலேயே ஒரு தடயம் கிடைக்கும். தைக்குள் குஞ்சுகளும் இறகு மாற்றி மங்கலான பெரிய பறவைபோல் ஆகிவிடும், அப்புறம் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

எழுதுவது

இதில்தான் நான் நான்கு வருஷத்தைத் தொலைத்தேன். முதல் நான்கு பனிக்காலமும் பார்த்த நாளை மட்டும் எழுதினேன். பிறகு நோட்டைப் புரட்டினால் ஒரு தை மாதம் முழுக்கப் பக்கமே இல்லை. அந்த மாதம் குருவி வரவில்லையா, நான் போகவில்லையா? எனக்கே தெரியவில்லை. அந்தப் பக்கங்களை இனி யாராலும் நிரப்ப முடியாது.

ஆகவே போன நாள் எல்லாம் எழுதுங்கள். என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்:

தை 12. சாயங்காலம் 5.15 முதல் 6.45 வரை. குளத்துக் கிழக்குக் கரை. வானம் தெளிவு, லேசான காற்று. மேற்கே சோளம் கதிர் முற்றி நிற்கிறது, பாதி அறுப்பு ஆகிவிட்டது. நாட்டு மைனா 300, உண்ணிக்கொக்கு 120, சூறைக்குருவி 0.

அந்தக் கடைசிச் சுழியத்துக்காகத்தான் ஒன்றரை மணி நேரம் நின்றது. முன்னால் நேரத்தையும் இடத்தையும் எழுதியிருப்பதால்தான் அதற்கு மதிப்பு. பயிர் எந்த நிலையில் இருக்கிறது, ஐப்பசி கார்த்திகையில் மழை எப்படி, இவற்றையும் மாதம் ஒருமுறை எழுதிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை பொய்த்த 2016 போன்ற வருஷத்தில் சோளமும் இருக்காது, புல்லும் இருக்காது. குருவி குறைந்தால் அதற்குக் காரணம் கசகஸ்தானா, நம் காடா என்று பிரித்துப் பார்க்க இந்த இரண்டு வரிதான் உதவும்.

செல்போனில் ஈபேர்டு செயலி போட்டுக்கொண்டால் உங்கள் பதிவு உங்கள் வீட்டோடு நிற்காது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆய்வகம் நடத்துவது, இலவசம். அதில் இல்லாத பறவைக்குச் சுழியம் போட வேண்டியதில்லை. உங்களுக்கு அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும், காக்கையையும் மைனாவையும் விடாமல் பதிந்துவிட்டு, முழுப்பட்டியலா என்று கடைசியில் கேட்கும்போது ஆம் என்று சொல்லுங்கள். அப்போதுதான் பட்டியலில் இல்லாத பறவை அன்று உங்கள் கண்ணில் படவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். சூறைக்குருவியை மட்டும் பதிந்துவிட்டுப் போனால் இது நடக்காது. தனியாகத் தொடங்கத் தயக்கம் இருந்தால், பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள், 2015 முதல் நடக்கிறது.

கண்ணில் பட்டால்

கொறங்காட்டில் நடக்கும்போது, காலடியிலிருந்து பழுப்பு நிறத்தில் ஓர் ஆந்தை கிளம்பி, நீண்ட இறக்கையை நிதானமாக அடித்துச் சற்றுத் தள்ளிப் புல்லிலேயே இறங்கினால் அப்படியே நின்றுவிடுங்கள். குட்டைக்காது ஆந்தையாக இருக்கலாம். மஞ்சள் கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பூசியதுபோல் இருக்கும். வடக்கேயிருந்து பனிக்காலத்தில் வருவது, எலி எங்கே பெருகுகிறதோ அங்கே போவது. பனி ஆந்தையைப் போலவே இதுவும் மரத்தை நம்பாது, திறந்தவெளித் தரையில் அடையும். நம் பக்கம் பார்ப்பது மிக அபூர்வம். பின்னால் துரத்திப் போகாதீர்கள், துல்லியமான இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஊர் பெயரும் தேதியும் போதும்.

சூறைக்குருவி பங்குனி முடிவில் சட்டென்று குறையும். சித்திரையில் கடைசியாக எஞ்சியவை நல்ல ரோஜா நிறத்தோடு, ஆலமரத்தில் இரைச்சலாகச் சத்தமிட்டுக்கொண்டிருக்கும். ஒருநாள் போனால் மரம் அமைதியாக இருக்கும். கடைசியாகப் பார்த்த தேதியை எழுதி, அதற்குப் பிறகும் இரண்டு வாரம் போய்ப் பார்த்துச் சுழியம் போட்டுவிட்டு நோட்டை மூடுங்கள். ஆடி பிறந்ததும் ஈபேர்டு வரைபடத்தில் குஜராத்தைத் திறந்து பாருங்கள். முதல் கூட்டம் அங்கே வந்து இறங்கியிருக்கும்.